பதினேழாம் நம்பர்

மூன்றாம் நாளாக அசையவில்லை.

ஆம்னியின் வயிற்றிலிருந்து எடுத்த எஞ்சின்
மாடிப்படிக்குக் கீழே
லாரி டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எண்ணெய் வடிய.
அதன் நெற்றியில் ஒரு போல்ட்.
கிராங்க் புல்லியைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.

நாலு வருஷம் முனைக்காட்டிலிருந்து
இந்த வண்டியில்தான் பாசி ஏற்றினோம்.
காய்ந்த பாசி. காய்ந்துவிட்டது என்று
சொன்னவர்கள் நாங்கள்தான்.
மூட்டைகள் ஒழுக்கிய உப்புத்தண்ணீர்
சீட்டுக்கு அடியில் போய்
எங்கே தங்கியது என்று இப்போது தெரிகிறது.

ராமநாதபுரத்துப் பட்டறையில்
இறக்கி ஏற்றப் பதினெட்டாயிரம் கேட்டார்கள்.
மச்சான் போனை வைத்துவிட்டு
ஸ்பானர் பெட்டியைத் தேடினார்.
பதினெட்டாயிரத்துக்கு எத்தனை தெப்பம் என்று
நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
முன்சீட்டு இரண்டும் முற்றத்தில் கிடந்தன.

முதல் நாள் மண்ணெண்ணெய்.
மறுநாள் பிரேக் ஆயிலும் தின்னரும் கலந்து
மகளுக்கு மருந்து புகட்டிய பாலாடையால்
சொட்டுச் சொட்டாய்.
ராத்திரி ஒரு தரம் எழுந்துபோய் ஊற்றிவிட்டு வந்தார்,
காய்ச்சல் பிள்ளைக்குப் போல.
நான் தூங்குவதாக நினைப்பு.

இன்றைக்கு ஆறடி ஜி.ஐ. பைப்.
ஸ்பானரின் வாலில் செருகித் தொங்கினார்.
எஞ்சின் மொத்தமாய் உருண்டது.
போல்ட் அப்படியே.

"ஏறி உக்காரு ரகுமத்து."

அறுபத்தெட்டுக் கிலோ.
கல்யாணமான பதினோரு வருஷத்தில்
என் எடையை யாரும்
இவ்வளவு மரியாதையாய்க் கேட்டதில்லை.
துண்டை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்து
ஃபிளைவீல் பல்லில் ஸ்க்ரூடிரைவரை முட்டுக்கொடுத்தேன்.

பைப் வளைந்தது.
ராமேஸ்வரம் போகிற ரயில் ஒன்று கடந்து போயிற்று.
மேல்வீட்டு சீனியம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள்.
கச்சான் காற்று மணலை அள்ளி
எங்கள் இருவர் வாயிலும் போட்டது.

தரையில் உட்கார்ந்துவிட்டார்.
இந்தச் சனியனை வித்துடலாம் என்றார்.
பாசி அழுகிய வருஷமும் இதையே சொன்னார், தெப்பங்களை.
என் தம்பி கடனைத் திருப்பாதபோதும் சொன்னார்.
அப்போது எதை விற்கச் சொன்னார் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"இறுக்கிப் பாருங்க."
"என்னது?"
"கழட்டாதீங்க. இறுக்குங்க. ஒரு நூல் அளவு."

தெப்பக் கயிற்றில் முடிச்சு இறுகிப்போனால்
நான் இழுப்பதில்லை, உள்ளே தள்ளுவேன்.
கயிறு தன் பிடியைக் கொஞ்சம் மறக்கும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
கயிறு வேற இரும்பு வேற என்பார்.

பைப்பை மறுபக்கம் மாற்றி
இறுக்கினார்.

டக்.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம்.
துரு விட்டாலும் அதே சத்தம்,
போல்ட்டின் கழுத்து முறிந்தாலும் அதே சத்தம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் ஸ்க்ரூடிரைவரை விடவில்லை.
"என்னாச்சு?" என்றாள் சீனியம்மா மேலிருந்து.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
பைப்பைத் தொடக் கை வரவில்லை.
வாளித் தண்ணீரில் முகம் கழுவினார்,
அவசரமில்லாதவர் போல.

பிறகு பைப்பை உருவி ஓரமாய்ச் சாய்த்துவிட்டு
வெறும் ஸ்பானரை ஒற்றைக் கையால்
இடப்பக்கம் தள்ளினார்.

வந்தது.
முனகிக்கொண்டு கால் சுற்று. அரைச் சுற்று.
மரையிலிருந்து செங்கல்பொடியாய்த் துரு கொட்டியது,
நடுவே வெள்ளையாய் ஒரு கோடு.
விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார், கிறுக்கு மனுஷன்.
கண்ணை மூடி யோசித்தார்.

"வடகடல்" என்றார்.
"நம்ம தெப்பத்து உப்புதான்."

எண்ணெயும் சூடுமாய் இருந்த போல்ட்டை
ஹார்லிக்ஸ் மூடியில் போட்டுவிட்டு
நான் இறங்கப் போனேன்.

"எங்க போறே? உக்காரு.
அந்தப் பக்கம் இன்னும் ஆறு இருக்கு."